மாமன் மச்சான் படை: வட கிரேக்கத்தில் ஆறு நாள்

முதல் நாள், தெசலோனிக்கி

வெள்ளைக் கோபுரத்திலிருந்து கடலோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் அலெக்சாண்டர் சிலை. குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே நல்ல கூட்டம். ஸ்கேட்போர்டு பையன்கள், ஐஸ்கிரீம் குழந்தைகள், செல்ஃபி ஜோடிகள் எல்லாரும் குதிரைக்கு முன்னால்தான். பக்கத்திலேயே வரிசையாக வட்டக் கேடயங்களையும் நெட்டுக்குத்தாக நீண்ட ஈட்டிகளையும் நட்டு வைத்திருக்கிறார்கள். பிடிக்க ஆள் இல்லாத ஈட்டிகள். அங்கே நின்று படம் எடுத்தது நானும் ஒரு நாயும் மட்டும்தான்.

நான் வந்தது அந்த ஈட்டிக்காரர்களைத் தேடித்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அவர்களை நடத்திப்போன குடும்பங்களைத் தேடி.

பியாஸ் நதி வரை வந்த அலெக்சாண்டர், படைவீரர்கள் மறுத்துவிட்டதால் திரும்பிப் போனார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். படை மறுத்தது சரி, அதை ராஜாவின் முகத்துக்கு நேரே எழுந்து நின்று சொன்னது யார்? கொய்னோஸ் என்ற தளபதி. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போய், அவருடைய மாமனார், மச்சான், தம்பி, தாத்தா காலத்து நிலம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு படையின் கதையைப் படிக்கிறேனா, பெரிய வீட்டுக் குடும்ப வழக்கைப் படிக்கிறேனா என்று சந்தேகமே வந்துவிட்டது. சரி, ஊரையே பார்த்துவிடலாம் என்று கிளம்பியாயிற்று.

கூட வந்திருப்பவர் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். வண்டி ஓட்டுவது அவர், வழி சொல்வது நான்.

இந்த ஊரின் பெயரிலேயே ஒரு குடும்பக் கதை இருக்கிறது. அலெக்சாண்டரின் அப்பா பிலிப்புக்கு ஏழு மனைவிகள். தெசலி நாட்டு மனைவி பெற்ற பெண்ணுக்கு, தெசலியில் கிடைத்த வெற்றியின் நினைவாக தெசலோனிக்கே என்று பெயர் வைத்தார். அந்தப் பெண்ணைக் கட்டியவர் கசாண்டர். கி.மு. 315 வாக்கில் ஊரைக் கட்டி மனைவி பெயரை வைத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துவிட வேண்டாம். அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸைக் கொல்ல வைத்தவர் அவர்தான். அப்புறம் அலெக்சாண்டரின் மனைவி ரொக்சானாவையும் சின்னப் பையனாக இருந்த மகனையும் தீர்த்துக் கட்டினார். அப்படிப்பட்டவர் கட்டிய ஊரின் கடற்கரையில் இன்றைக்கு அலெக்சாண்டருக்குச் சிலை.

கசாண்டரின் அப்பா ஆன்டிபேட்டர். அலெக்சாண்டர் ஆசியாவுக்குப் போனபோது ஊரையும் நாட்டையும் ஒப்படைத்துப் போனது அவரிடம்தான். அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குறை இருந்தது. வலை விரிக்காமல் ஈட்டியால் ஒரு காட்டுப்பன்றியைக் குத்திக் கொன்றவன்தான் விருந்தில் சாய்ந்து படுத்துச் சாப்பிடலாம் என்பது அலெக்சாண்டரின் நாடான மாசிடோனியாவில் பெருங்குடி வழக்கம். அதுவரை உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். கசாண்டர் நல்ல வேட்டைக்காரர்தான், ஆனாலும் 35 வயதிலும் பன்றி மட்டும் அமையவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டார்.

மீன் கடையில் இதைச் சொன்னதும் அத்தான் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அத்தனை பேர் முன்னாடி தினமுமா? அதான் மாப்ளே, பின்னால அந்த ஆட்டம் ஆடியிருக்கான்" என்றார்.

இரண்டாம் நாள், பெல்லா

தெசலோனிக்கியிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர். சாலையின் இரண்டு பக்கமும் தட்டையான பூமி, பருத்தி வெடித்திருக்கிறது. செப்டம்பர் கடைசியிலும் வெயில் சுள்ளென்று இருந்தது. தலைநகரம் என்று நினைத்து வந்தால் இடுப்பளவு சுவர்களும் நிறுத்தி வைத்த சில தூண்களும்தான். அந்தக் காலத்தில் இது நீரோரத்து ஊர். பிறகு கடல் விலகி ஏரியாகி, 1930களில் ஏரியையும் வடித்து வயலாக்கிவிட்டார்கள்.

தரையில் பதித்த கூழாங்கல் ஓவியங்களுக்காகவே பெல்லாவுக்கு வரலாம். அருங்காட்சியகத்தில் சிங்க வேட்டை ஒன்று இருக்கிறது. நடுவில் சிங்கம் திரும்பிப் பார்க்கிறது, இரண்டு பக்கமும் இரண்டு இளைஞர்கள். குனிந்து பார்த்தால் எல்லாம் ஆற்றில் கிடக்கிற மாதிரியான கல், நகத்தளவு. வெள்ளை, கறுப்பு, பழுப்பு, கொஞ்சம் மஞ்சள். இவ்வளவை வைத்துக்கொண்டு தொடைத் தசையின் நிழலைக் காட்டியிருக்கிறான். ஒருவர் அலெக்சாண்டர், மற்றவர் கிரேட்டரஸ் என்று பலர் சொல்கிறார்கள். கிரேட்டரஸ் மலைநாட்டு ஒரெஸ்டிஸ்காரர், பெரிய தளபதி. சிங்க வேட்டையில் ராஜாவுக்குத் துணையாகப் பாய்ந்ததைச் சிலையாகச் செய்து டெல்ஃபியில் வைப்பதாக நேர்ந்துகொண்டார். அதற்குள் போரில் செத்துப்போக, அவர் மகன் நேர்த்தியை முடித்துவைத்தான்.

பக்கத்து ஊரான ஆர்கொன்டிகோவில் தோண்டிய கல்லறைப் பொருள்களையும் இங்கேதான் வைத்திருக்கிறார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு வீரர்கள். வெண்கலத் தலைக்கவசம், இரும்பு வாள், வாயை மூடிய தங்கத் தகடு. பிலிப்புக்கு இருநூறு வருடம் முன்பே இந்த நாட்டில் குட்டிக் குட்டிப் பிரபுக்கள் தங்கத்தோடு புதைந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிலிப்பின் தலைவலியே அவர்கள்தான்.

கி.மு. 359-இல் பிலிப் பட்டத்துக்கு வந்தபோது அவருடைய அண்ணன் இல்லிரியர் என்ற அண்டை நாட்டாரோடு நடந்த போரில் 4,000 பேரோடு செத்திருந்தார். மேற்கே மலைநாட்டில் எலிமியா, ஒரெஸ்டிஸ், லின்கெஸ்டிஸ், டிம்ஃபையா என்று ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு ராஜவம்சம். அவர்களை அடித்து நொறுக்குவதைவிட வளைத்துப் போடுவது மலிவு என்று பிலிப் கண்டுகொண்டார். எலிமியா வீட்டில் பெண் எடுத்தார். கைப்பற்றிய சமவெளியில் நிலம் கொடுத்தார். பிரபுக்களின் பிள்ளைகளை அரண்மனைக்கு வரவழைத்து வளர்த்தார். அந்தந்த ஊர் ஆட்களைக் கொண்ட படைப்பிரிவை அந்தந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரரே நடத்தலாம் என்றும் விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ஆசியாவுக்குக் கொண்டுபோன நீள ஈட்டிக் காலாட்படையில் ஆறு பிரிவு, ஒவ்வொன்றிலும் சுமார் 1,500 பேர். எலிமியாக்காரர்களுக்கு கொய்னோஸ், ஒரெஸ்டிஸ், லின்கெஸ்டிஸ் ஆட்களுக்கு பெர்டிக்காஸ். டிம்ஃபையாக்காரர்கள் பின்னால் பொலிபெர்கோன் கையில் வந்தார்கள்.

அரண்மனைக்கு வந்த பிள்ளைகள் கதை தனி. ராஜா தூங்கும்போது காவல், குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவது, வேட்டைக்குக் கூடப் போவது. சவுக்கால் அடிக்கும் உரிமை ராஜாவுக்கு மட்டும். ஒரே நேரத்தில் அது பள்ளிக்கூடமும் பணயமும். கி.மு. 327-இல் பாக்ட்ரியாவில், இன்றைய வட ஆப்கானிஸ்தான் பக்கம், ஹெர்மொலாஸ் என்ற பையன், ராஜா குறிவைத்த காட்டுப்பன்றியை முந்திக்கொண்டு குத்திவிட்டான். மறுபடியும் பன்றிதான்! மற்ற பையன்கள் முன்னால் சவுக்கடி, குதிரையும் பறிபோனது. அவன் அப்பா சோபொலிஸ் குதிரைப்படைப் பிரிவின் தலைவர், ஆள் சேர்க்க ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தார். பையன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, தங்கள் காவல் முறை வரும் இரவில் ராஜாவைக் கொல்லத் திட்டம் போட்டான். அன்றைக்குப் பார்த்து ராஜா விடிய விடியக் குடித்தார், தூங்கவே வரவில்லை. மறுநாள் விஷயம் வெளியே வந்து, கல்லால் அடித்துக் கொன்றார்கள்.

பெல்லாவில் வேறெதுவும் எனக்கு ஒட்டவில்லை. சந்தைச் சதுக்கம் பெரிது, நிழல் இல்லை.

மூன்றாம் நாள், வெர்கினா

முதலில் ஒரு திருத்தம். நேற்று பிலிப் பெண் எடுத்ததை மட்டும் எழுதினேன். பெண் கொடுத்ததையும் எழுத வேண்டும், இன்றைய கதையே அதில்தான் தொடங்குகிறது.

வெர்கினா இன்று சின்னக் கிராமம். அந்தக் காலத்து ஐகை, மாசிடோனியாவின் பழைய தலைநகரம், ராஜாக்களைப் புதைக்கும் இடம். 1977-இல் மனோலிஸ் அன்ட்ரோனிகோஸ் இங்கிருந்த பெரிய மண்மேட்டைத் தோண்டி, கொள்ளை போகாத கல்லறையைக் கண்டுபிடித்தார். இப்போது அந்த மேட்டையே திரும்ப எழுப்பி, உள்ளே அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். சரிவில் இறங்கினால் திடீரென்று இருட்டு, குளிர். கண் பழக ஒரு நிமிடம் ஆகிறது. பிறகு தங்கப் பேழை, மூடியில் 16 கதிர் நட்சத்திரம். உள்ளே எரித்த எலும்புகளைச் சுத்தமாகக் கழுவி ஊதாத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது பிலிப்பா, அவருடைய இன்னொரு மகன் அரிடேயஸா என்ற அறிஞர் சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்குப் பிடித்தது கல்லறை முகப்பில் இருக்கும் வேட்டை ஓவியம். ஐந்தரை மீட்டர் நீளம், மங்கிப்போயிருக்கிறது. பத்து வேட்டைக்காரர்கள், மூன்று பேர் குதிரையில், மற்றவர்கள் தரையில். ராஜா, பிரபு, அரண்மனைப் பையன் என்று எல்லாரும் ஒரே காட்டில், ஒரே வேலையில். படையையும் இவர்கள் இப்படித்தான் நடத்தியிருக்கிறார்கள். ராஜாவுக்கும் பிரபுவுக்கும் நடுவில் இருந்தது ஒரு ஈட்டி தூரம்தான். அது பாதுகாப்பான தூரம் இல்லை.

அதைக் கண்ணால் பார்க்க மேலே அரண்மனைக்குப் போக வேண்டும். 16 வருட வேலைக்குப் பிறகு 2024 ஜனவரியில் திறந்தார்கள். சுற்றிலும் தூண் வைத்த பெரிய முற்றம், அதைச் சுற்றி விருந்து அறைகள். அதற்குக் கீழேயே தியேட்டர். பெரிதாக ஒன்றும் இல்லை. முன்வரிசைக் கல் பெஞ்சுகளும் ஒரு புல்வெளியும். கி.மு. 336-இல் இந்தப் புல்வெளிக்குள் நடந்து வந்தபோதுதான் பிலிப் குத்துப்பட்டார்.

அன்றைக்கு மகள் கிளியோபாட்ராவின் கல்யாணம். மாப்பிள்ளை எபிரஸ் ராஜா, பெண்ணின் அம்மா ஒலிம்பியாஸின் உடன்பிறந்த தம்பி. அதாவது தாய்மாமன். "அட, நம்ம ஊர்க் கல்யாணம்!" என்று அத்தான் கல் பெஞ்சில் உட்கார்ந்தே விட்டார். மருமகன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். காவலாளிகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு பிலிப் தனியாக உள்ளே வந்தார்.

குத்தியவன் பவுசானியாஸ், அவருடைய மெய்க்காவலன், ஒரெஸ்டிஸ் நாட்டு நல்ல குடும்பம். காரணத்துக்கு ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். பிலிப்பின் ஏழாவது மனைவியும் ஒரு கிளியோபாட்ரா, மாசிடோனியப் பெரிய வீட்டுப் பெண். அவளுக்குக் காப்பாளராக நின்று கட்டிக்கொடுத்தவர் அட்டாலஸ், அவளுக்குச் சித்தப்பா மாதிரி. கல்யாண விருந்தில் போதையில் எழுந்து, இனியாவது நாட்டுக்கு முறையான வாரிசு பிறக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னார். எதிரில் அலெக்சாண்டர். "அப்போ நான் யாரு?" என்று கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார். பிலிப் மகன்மேல் வாளை உருவிக்கொண்டு எழுந்து, தடுக்கி விழுந்தார். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குத் தாண்டப் போகிறவரைப் பாருங்கள், ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குத் தாண்ட முடியவில்லை என்றாராம் மகன்.

அந்த அட்டாலஸ் பவுசானியாஸைக் குடிக்க வைத்து, தன் கழுதைக்காரர்களிடம் விட்டு மானபங்கப்படுத்தினார். அவன் ராஜாவிடம் நீதி கேட்டான். பிலிப் என்ன செய்வார்? அட்டாலஸ் மனைவி வழிச் சொந்தம். ஆசியப் படையெடுப்புக்கு முன்னோடியாகப் போன தளபதிகளில் ஒருவர். அது போக, மூத்த தளபதி பார்மேனியனின் மருமகன். பவுசானியாஸுக்குப் பரிசும் பதவி உயர்வும் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தார். எந்தக் கல்யாணங்களால் படையைக் கட்டினாரோ, அவற்றில் ஒன்றே இந்தப் புல்வெளியில் அவரை மடக்கிவிட்டது. ஓடிய பவுசானியாஸ் குதிரைக்குப் பக்கத்தில் போய் திராட்சைக் கொடி காலில் சிக்கி விழுந்தான். துரத்தியவர்கள் அங்கேயே குத்திக் கொன்றார்கள். துரத்தியவர்களில் அதே ஒரெஸ்டிஸைச் சேர்ந்த பெர்டிக்காஸும் ஒருவர்.

பட்டத்துக்கு வந்த அலெக்சாண்டர், அட்டாலஸைத் தீர்க்க ஆசியாவுக்கு ஆள் அனுப்பினார். அதே முகாமில் மாமனார் பார்மேனியன் கூடவே இருந்தார், தடுக்கவில்லை. கி.மு. 334-இல் படை கடல் தாண்டியபோது ராஜாவுக்கு அடுத்த இடம் பார்மேனியனுக்கு. மூத்த மகன் ஃபிலோட்டாஸ் 'தோழர்கள்' என்ற உயர்குடிக் குதிரைப்படைக்குத் தலைவர். இரண்டாவது மகன் நிக்கானோர் கேடயக் காவல்படைக்குத் தலைவர். இன்னொரு மருமகன் கொய்னோஸ் கையில் எலிமியாப் பிரிவு. தியேட்டரில் வெயில் சாயும்வரை உட்கார்ந்து இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பாதிப் படை ஒரே வீட்டில் இருக்கிறது.

நான்காம் நாள், நவுசா

இன்று சொதப்பல். தப்பு என்னுடையது. வழியில் பீச் பழக் கடையில் அரை மணி நேரம் நான்தான் நின்றேன். லெஃப்காடியாவின் தீர்ப்புக் கல்லறைக்குப் போனபோது நேரம் முடிந்து பூட்டிவிட்டார்கள். மாசிடோனியக் கல்லறைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று, கோயில் மாதிரி இரண்டடுக்கு முகப்பு. முகப்பில் நான்கு உருவங்கள்: செத்துப்போன வீரர், கையில் ஈட்டி, அவரைக் கூட்டிப்போகும் ஹெர்மெஸ் கடவுள், அப்புறம் பாதாள உலகத்து நீதிபதிகள் இரண்டு பேர். நீதிபதிகளுக்குப் பெயர் எழுதியவன், வீரருக்கு எழுதாமல் விட்டுவிட்டான். படத்தில் பார்த்ததை நேரில் பார்க்க வந்து, வேலிக் கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்கு முன் பார்த்த மியெசா மனதுக்கு இதமாக இருந்தது. நீரூற்று, பாறைக் குடைவுகள், மரநிழல். பாறையில் உத்தரம் சொருகிய குழிகள் வரிசையாக இருக்கின்றன. கி.மு. 343 வாக்கில் அரிஸ்டாட்டில் அலெக்சாண்டருக்குப் பாடம் சொன்ன இடம். கூலியாக, தான் முன்பு இடித்த அரிஸ்டாட்டிலின் ஊரை பிலிப் திரும்பக் கட்டிக்கொடுத்தார். இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் பியூகெஸ்டாஸ். இன்றைய முல்தான் பக்கம் மல்லர் என்ற இனத்தாரின் கோட்டைக்குள் அலெக்சாண்டர் தனியாகக் குதித்து நெஞ்சில் அம்பு வாங்கியபோது, கேடயத்தால் மூடிக் காப்பாற்றியவர். ஏழு பேர் மட்டுமே இருந்த ராஜ மெய்க்காவலர் பதவியில் அவருக்காக எட்டாவது இடம் உண்டாக்கினார்கள். பெரிய வீட்டு வழியில் போகாமல் மேலே வருவதற்கு அப்படி ஒரு வழியும் இருந்திருக்கிறது, உயிர் மிஞ்சினால்.

அத்தானுக்கு அன்றாடக் கவலை. "பெரிய வீட்டு ஆளுங்க கதையாவே சொல்ற. லைன்ல நிக்கிறவனுக்கு என்ன சம்பளம்?"

நல்ல கேள்வி. பதினாறு பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்பது ஒரு வரிசை. முதல் ஆள் வரிசைத் தலைவன். அவனுக்கு அடுத்தவனுக்கு 'இரட்டைச் சம்பளக்காரன்' என்றே பட்டம். அதற்கடுத்து 'பத்து ஸ்டேட்டர்காரன்' (ஸ்டேட்டர் ஒரு நாணயம்), சாதாரண வீரனைவிடக் கொஞ்சம் கூட. சம்பளத்தையே பதவிப் பெயராக வைத்திருக்கிறார்கள். அலெக்சாண்டருக்கு நூறு வருடத்துக்கும் பிந்திய, ஆம்ஃபிபொலிஸில் கிடைத்த படைச்சட்டக் கல்வெட்டில் அபராதப் பட்டியலே இருக்கிறது. தலைக்கவசம் இல்லாமல் வந்தால் ஓபோல் என்ற சின்னக் காசில் 2, நீள ஈட்டி இல்லாவிட்டால் 3 ஓபோல், கேடயம் இல்லாவிட்டால் ஒரு டிராக்மா, அதாவது 6 ஓபோல். அதே தப்பை அதிகாரி செய்தால் இரட்டிப்பு.

"அது நியாயம். எங்க ப்ளான்ட்ல தலைகீழ்" என்றார் அத்தான்.

சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு பாட்டி சின்னச் சின்ன ஜாடிகளில் சிவப்பு ஜாம் விற்றுக்கொண்டிருந்தார். கிரானா என்றார். விரல்நுனியளவு நீள்வட்டப் பழம், துவர்ப்பும் புளிப்பும், நாவல்பழம் மாதிரி நாக்கைப் பிடிக்கிறது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அந்த மரத்தின் உயரத்தைச் சொல்லும்போது, அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ், மிக நீளமான சரிசாவின், அதாவது அந்தக் காலாட்படை ஈட்டியின், அளவுக்கு, 12 முழம் என்று எழுதியிருக்கிறார். ஐந்து மீட்டருக்கு மேல். சரிசாவையே இந்த மரத்தில்தான் செய்தார்கள் என்பது பலரின் கருத்து. இரண்டு ஜாடி வாங்கினேன்.

ஐந்தாம் நாள், ஐயானி

நவுசாவிலிருந்து வெரியா, அங்கிருந்து எக்னாட்டியா நெடுஞ்சாலையில் மலையைக் குடைந்த சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. அந்தக் காலத்தில் இந்த மலையைத் தாண்டி வருவதற்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்! மலைநாட்டுப் பிரபுக்கள் ஏன் யாருக்கும் அடங்காமல் இருந்தார்கள் என்பது ஆறாவது சுரங்கத்தில் புரிந்தது. கோசானிக்குத் தெற்கே ஐயானி. பழைய எலிமியாவின் தலைநகரம். மேலே குன்றில் கல் கட்டட அடித்தளங்கள், கீழே பிரபுக்களின் கல்லறைகள், ஊருக்குள் அருங்காட்சியகம். நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. காவலர் எங்களுக்காக ஒவ்வொரு அறையாக விளக்குப் போட்டார்.

கொய்னோஸ் இந்த மண்ணின் ஆள். பொலெமொக்ரட்டேஸ் மகன்.

அவரைப் பற்றிப் படித்ததில் எனக்கு முதலில் பிடித்தது ஒரு விடுமுறை. படையெடுப்பின் முதல் குளிர்காலத்தில், புதிதாகக் கல்யாணமான வீரர்கள் எல்லாரும் ஊருக்குப் போய் மனைவியோடு இருந்துவிட்டு வரட்டும் என்று அலெக்சாண்டர் அனுப்பினார். கூட்டிப்போன மூன்று தலைவர்களில் ஒருவர் கொய்னோஸ். அவரும் புது மாப்பிள்ளைதான். திரும்பும்போது ஆள் சேர்த்துக்கொண்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. வசந்தத்தில் 3,000 காலாட்களும் 300 குதிரை வீரர்களும் புதிதாக வந்து சேர்ந்தார்கள். ஊரெல்லாம் ராஜாவைப் புகழ்ந்ததில் ஆச்சரியமில்லை.

நான்கு வருடம் கழித்து, கி.மு. 330. இன்றைய ஆப்கானிஸ்தானின் மேற்குப் பகுதி. பார்மேனியனின் கடைசி மகன் ஹெக்டர் முந்தின வருடம் நைல் நதியில் மூழ்கியிருந்தான். நிக்கானோர் நோயில் போய்விட்டார். மிஞ்சியவர் ஃபிலோட்டாஸ். ராஜாவைக் கொல்லச் சதி நடக்கிறது என்று ஒருவன் அவரிடம் வந்து சொன்னான். மறுநாளும் சொன்னான். இரண்டு முறையும் அவர் ராஜாவிடம் சொல்லவில்லை. சதியில் அவருக்குப் பங்கு இருந்ததோ இல்லையோ, சொல்லாமல் விட்டதே போதுமானதாகிவிட்டது. படை கூடியது. அங்கே எல்லாரையும்விட ஆத்திரமாகக் கத்தியது கொய்னோஸ், அதாவது ஃபிலோட்டாஸின் அக்கா தங்கையில் ஒருத்தியைக் கட்டியவர். காலடியில் கிடந்த கல்லை எடுத்து மச்சான்மேல் எறிய ஓங்கினார். சித்திரவதையிலிருந்து அவரைக் காப்பாற்றத்தான் என்று சிலர் நினைத்தார்களாம். அலெக்சாண்டர் கையைப் பிடித்துத் தடுத்தார். பிறகு சித்திரவதை வேண்டும் என்று வற்புறுத்தியவர்களிலும் கொய்னோஸ் இருந்தார்.

அந்தக் கல்லைப் பற்றித்தான் இந்தக் காலி அருங்காட்சியகத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜத் துரோகியின் சொந்தக்காரர்களும் சாக வேண்டும் என்பது மாசிடோனிய வழக்கம். ஃபிலோட்டாஸ் பிடிபட்டதும் உறவுக்காரர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள், சிலர் மலைக்கு ஓடினார்கள். அந்த வழக்கத்தை இப்போதைக்கு விடுகிறேன் என்று ராஜா அறிவித்த பிறகுதான் முகாம் அடங்கியது. கொய்னோஸ் வீட்டில் இருந்தது துரோகியின் உடன்பிறந்தவள். அவர் மெதுவாகப் பேசியிருக்க முடியுமா?

அத்தான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நீ மாட்டினா நான் கல்லெல்லாம் எடுக்க மாட்டேன்" என்றார். பிறகு, "உங்க அக்கா விட மாட்டா" என்றார்.

ஃபிலோட்டாஸைக் கொன்றாயிற்று. அப்பா? 70 வயது பார்மேனியன் எக்பட்டானாவில், இன்றைய ஈரானின் ஹமதானில், பெரும்படையோடும் கஜானாவோடும் இருந்தார். செய்தி முந்திவிட்டால் உள்நாட்டுப் போர். வழக்கமாக 30, 40 நாள் ஆகும் தூரத்தை ஒட்டகத்தில் 11 நாளில் கடந்து, பொலிடமாஸ் என்ற ஆள் கடிதத்தோடு போனான். அவன் பார்மேனியனுக்கு நெருங்கிய நண்பன், சந்தேகம் வராது. தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்த கிழவரிடம் ராஜாவின் கடிதத்தைக் கொடுத்தான், பிறகு மகன் பெயரில் இன்னொன்று. மகன் கடிதத்தைச் சந்தோஷமாகப் பிரித்துப் படிக்கும்போது விலாவில் வாள் இறங்கியது. குத்தியவர் கிளியாண்டர், கொய்னோஸின் உடன்பிறந்தவர். ஏதென்ஸ்காரர்கள் வருடத்துக்குப் பத்து தளபதிகளைக் கண்டுபிடிக்கிறார்கள், எனக்கு இத்தனை வருடத்தில் பார்மேனியன் ஒருவர்தான் கிடைத்தார் என்று பிலிப் சொல்வாராம்.

இதெல்லாம் தெரிந்த பிறகு பியாஸ் நதிக்கரையைத் திரும்பப் பார்க்க வேண்டும். கி.மு. 326, விடாத மழை. ராஜா கேட்கிறார், யாரும் வாய் திறக்கவில்லை. நீண்ட நேரம் கழித்து கொய்னோஸ் எழுந்தார். ஊரிலிருந்து கிளம்பினவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறோம் பாருங்கள், பெற்றவர்களை, பெண்டாட்டி பிள்ளைகளை, ஊர் மண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறார்கள் என்றார். கேட்டவர்கள் கைதட்டினார்கள், பலர் அழுதார்கள். மாமனார் வீட்டை விட்டுக்கொடுத்து ராஜவிசுவாசத்தை நிரூபித்தவர் என்பதால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது என்று எனக்குப் படுகிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அடுத்த விசாரணை அவருக்கு.

ஜீலம் கரைக்குத் திரும்பியதும் கொய்னோஸ் நோயில் இறந்தார். முகாம் நிலைமைக்கு முடிந்தவரை சிறப்பாக அடக்கம் செய்தார்கள். அலெக்சாண்டர் வருந்தினார், ஆனால் மிஞ்சியிருந்த கொஞ்ச நாள் உயிருக்காக எவ்வளவு நீளமாகப் பேசினார், தான் மட்டும்தான் மாசிடோனியாவைத் திரும்பப் பார்க்கப் போகிறவர் மாதிரி, என்றும் சொன்னாராம்.

வெளியே வந்தோம். கீழே அலியாக்மோன் ஆறு தேங்கிப் பெரிய ஏரியாகப் பளபளத்தது. காவலர் விளக்கை அணைத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

ஆறாம் நாள், ஒலிந்தோஸ்

கடைசி நாள் கடலுக்குப் போகலாம் என்பது அத்தானின் ஒப்பந்தம். கல்கிடிகி போகும் வழியில் ஒலிந்தோஸ் இருப்பதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கி.மு. 348-இல் பிலிப் இந்த ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கி, மக்களை அடிமைகளாக விற்றார். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கின்றன, வீடுகள் முழங்காலளவு. தோண்டும்போது கிடைத்த ஈயக் கவண்குண்டுகளில் பிலிப்பின் பெயர் பொறித்திருந்தது. அடிபடுகிறவன் யார் அடித்தான் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுபோல.

காலியான நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டார். பிலிப்பின் 'தோழர்கள்' 800 பேரிடம் இருந்த நிலத்தின் விளைச்சல், கிரேக்கர்களில் பெரிய பணக்காரர்கள் 10,000 பேருடையதற்குச் சமம் என்று அந்தக் காலத்து எழுத்தாளர் ஒருவர் எரிச்சலோடு எழுதிவைத்தார். கல்கிடிகிப் பக்கம் அப்படி நிலம் வாங்கியவர்களில் ஒருவர் மலைநாட்டு பொலெமொக்ரட்டேஸ், கொய்னோஸின் அப்பா. எப்படித் தெரியும் என்றால், இந்தப் பக்கம் கிடைத்த கல்வெட்டு ஒன்று. அதில் ராஜா கசாண்டர், பன்றி கிடைக்காத அதே கசாண்டர், 'கொய்னோஸ் மகன் பெர்டிக்காஸுக்கு' (ஒரெஸ்டிஸ் தளபதி இல்லை, வேறு ஆள்) எழுதிக் கொடுக்கிறார்: உன் தாத்தா பொலெமொக்ரட்டேஸுக்கு பிலிப் கொடுத்த நிலங்கள் உனக்கும் உன் சந்ததிக்கும், வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம், சரக்கு கொண்டுவரவும் கொண்டுபோகவும் வரி கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் புது மாப்பிள்ளை விடுமுறை கி.மு. 334 குளிர்காலம். அதில் பிறந்த பிள்ளை என்றால் கசாண்டர் ராஜா பட்டம் சூடும்போது முப்பதை எட்டிக்கொண்டிருப்பான். பார்மேனியனின் மகள் வயிற்றுப் பேரன் என்றும் ஆகிறது.

இடிபாட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை ஆலிவ் தோப்பு. பச்சைக் காய் பறிக்கும் பருவம், ஏணி போட்டுக் கையாலேயே பறிக்கிறார்கள். வேலியோரம் நின்ற பெரியவர் ஒருவர் நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். நெல்லிக்காயளவு, பச்சை. அத்தான் ஒன்றைக் கடித்துவிட்டார். ஊறவைக்காத ஆலிவ் எப்படி இருக்கும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். எட்டிக்காய் தோற்கும். பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தான் துப்பவும் முடியாமல், அவர் முன்னால் முகம் சுளிக்கவும் முடியாமல், என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார்.

நான் வண்டியிலிருந்து கிரானா ஜாடியை எடுத்து நீட்டினேன்.